பால் மறக்கடித்த நிலவேம்பு

எங்கள் வீட்டில் நிலவேம்பு காய்ச்சலுக்கு உரியது. கொரோனாக் காலத்தில் எங்கள் ஊர் கற்பிட்டி முழுக்க அதை அவித்துக் குடித்தது. வேரைக் கறுப்புத் துணியில் பொதிந்து பிள்ளையின் கையில் கட்டினால் ஏக்கம் பிடிக்காது என்றும் சொல்வார்கள். நான் வாசித்த மருத்துவ நூல் எதிலும் அது இல்லை.

கடலில் இடுப்பு அடிபட்டுத் தன் புருசன் படுக்கையில் விழுந்தபின், தங்கச்சி குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போக முடிவெடுத்தாள். மகளுக்கு இரண்டு வயது நிறைந்தால்தான் போகலாம் என்பது சட்டம். எங்கள் மார்க்கத்தில் பாலூட்டும் காலமும் இரண்டு வருடம். பிறைக் கணக்கில் அது மூன்று கிழமை முந்தியே நிறைந்துவிட்டது. மூத்தவள் என்று நான் எடுத்துச் சொன்னேன். அவள் இங்கிலீசுக் கலண்டரையே பிடித்துக்கொண்டு பால் கொடுத்தாள்.

அந்தக் கணக்கும் முடிந்த வெள்ளிக்கிழமை, பக்கத்து வீட்டு மாமி நிலவேம்பை அரைத்துக்கொண்டு வந்தார். தங்கச்சி பிஸ்மி சொல்லி மார்பில் தடவினாள். பிள்ளை வாய் வைத்தது, துப்பியது, உம்மாவின் முகத்தைப் பார்த்தது. பிறகு தன் சட்டை நுனியால் துடைத்துவிட்டு மறுபடி குடித்தது.

“இன்னும் பூசு,” என்றார் மாமி. “உன்னயப் போலதான் இவவும். லேசுல மசியமாட்டா.”

“போதும் மாமி. நாக்கு வெந்துடும்.”

“நாக்கு வேகாது. பால் மறக்காம நீ போனா அவட நெஞ்சுதான் வேகும். பூசு.”

தங்கச்சி கண்ணை மூடிக்கொண்டு பூசினாள்.

சில நாளில் பிள்ளை பாலை மறந்தது. அதோடு, உம்மா கிட்ட வந்தாலே “கைக்கிது” என்று வாயைப் பொத்தத் தொடங்கியது. அவள் தூக்கினால் முதுகை வளைத்து இறங்கியது. மாமிக்குத் திருப்தி. தங்கச்சி மட்டும், தான் போனபின் பிள்ளை ஏங்கக் கூடாது என்று வேர் கட்டச் சொன்னாள். கட்டினேன். தங்கச்சியை ஏற்றிப்போக வான் வந்த காலையில் பிள்ளை என் தோளில் முகம் புதைத்துக்கொண்டது. அழவில்லை. அடுத்த நாட்களிலும் உம்மாவைத் தேடவில்லை.

முதல் வீடியோ அழைப்பு துல்ஹஜ் மாதப் பிறை கண்ட மறுநாள் வந்தது. போனைப் பிள்ளையிடம் காட்டினேன். உம்மாவின் முகத்தைக் கண்டதும் வாயைப் பொத்தியது.

தங்கச்சி சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை.

“ராத்தா, உம்மா கழுவிட்டா எண்டு அவக்குச் சொல்லுங்க.”

சொன்னேன். பிள்ளை கையை எடுக்காமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தது.