தமிழ்மொழி ஒட்டிய நான்கு மட்கார்டுகள்

வடக்குத்து மெயின் ரோட்டில் கொளஞ்சிநாதனின் டிங்கரிங் பட்டறைக்கு அந்தச் சிவப்புக் கார் கயிறு கட்டித்தான் வந்து சேர்ந்தது. இரண்டே பேர் உட்காரக்கூடிய பழைய வெளிநாட்டு ஸ்போர்ட்ஸ் கார். சக்கரங்களுக்கு மேலே புடைத்து நிற்கும் மட்கார்டு விளிம்புகள் நான்கும் துருவேறி உதிர்ந்திருந்தன. புதிய விளிம்புகளை வெளிநாட்டிலிருந்து தருவித்து, அட்டைப்பெட்டியோடு கொண்டுவந்திருந்தார் செந்தில்நாதன்.

பட்டறையில் வெல்டிங் செய்யும் தமிழ்மொழிக்கு அவரைப் பார்த்தவுடனே யாரென்று தெரிந்துவிட்டது. பன்னிரண்டு வருடங்களுக்கு முன்னால், நிலக்கரி மைன்ஸில் பர்மனென்ட் வெல்டர் வேலைக்கு நடந்த டெஸ்டில் மேற்பார்வை பார்த்த அதிகாரி அவர்தான். அவள் ஒட்டிய தகட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார். லிஸ்டில் அவள் பெயர் வரவில்லை. அதன் பிறகும் பத்து வருடம் அதே மைன்ஸில் காண்ட்ராக்டில் வெல்டிங் செய்தாள். இரண்டு வருடத்துக்கு முன் காண்ட்ராக்ட் கைமாறியது. புது ஆள், பெண்கள் வேண்டாம் என்றான். அன்றிலிருந்து இந்தப் பட்டறைதான்.

அவருக்கு அவளை நினைவில்லை. அவளும் சொல்லிக்கொள்ளவில்லை.

பழைய விளிம்பைக் கிரைண்டரில் அறுத்து எடுத்ததும் உள்ளே இருந்த தகரம் அப்பளமாக நொறுங்கியது.

"சார், உள்ள தகரமே இல்லீங்க. இன்னாத்து மேல வெல்டு வெக்கறது?"

"பட்டியப் பூசி மூடிட்டு வேலயப் பாரு" என்றார் கொளஞ்சிநாதன்.

அவள் கேட்கவில்லை. நல்ல தகரம் தட்டுப்படும்வரை அறுத்துக்கொண்டே போனாள். அறுத்த இடத்துக்கெல்லாம் புதுத் தகடு வெட்டி, தட்டி வளைத்து, பொருத்தினாள். அதன்மேல் புது விளிம்பை வைத்து, கிளாம்ப் போட்டு, இங்கே ஒரு பொட்டு, ஒரு முழம் தள்ளி இன்னொரு பொட்டு என்று பற்றவைத்தாள். ஒரே இழுப்பாக இழுத்தால் சூட்டில் தகரம் நெளிந்துவிடும். ஒவ்வொரு பொட்டும் ஆறும்வரை ஈரத்துணியை ஒற்றிக்கொண்டு காத்திருந்தாள். நான்கு சக்கரத்துக்கு ஒன்பது நாள் ஆனது.

கடைசி நாள் செந்தில்நாதன் குனிந்து, ஒட்டின இடத்தை விரலால் தடவித் தடவிப் பார்த்தார். எங்கே பழைய தகரம் முடிகிறது என்று அவருக்குத் தெரியவில்லை.

"எங்கே கத்துக்கிட்டேம்மா? நீ மட்டும் மைன்ஸ்ல இருந்திருந்தா உன்ன விட்டிருக்கவே மாட்டேன்."

"வுட்டீங்க சார்."

அவர் நிமிர்ந்தார். அவள் டெஸ்ட் நடந்த வருடத்தைச் சொன்னாள், தன் தகட்டின் நம்பரையும் சொன்னாள்.

விரலில் ஒட்டிய தூசியைத் துடைத்துக்கொண்டே, "நான் மார்க் போட்டதோட சரிம்மா. லிஸ்ட் மேலேருந்து வந்தது" என்றார். "மைன்ஸுக்கு நிலம் குடுத்த குடும்பங்களுக்கு முன்னுரிமை இருந்தது."

"குடுக்க எங்களுக்கு நெலம் ஏதுங்க சார். கம்மாபுரத்துல அடுத்தவங்க நெலத்துலதான் எங்கம்மா நாத்து நட்டுக்கினு இருந்திச்சி. அந்த நெலம் போனப்ப எங்களுக்கும்தான் பொழப்பு போச்சி. அத எங்கயும் யாரும் எழுதிக்கல."

கொளஞ்சிநாதன் பட்டறையின் மறுமூலைக்குப் போய் எதையோ தேடுவதுபோல் நின்றார்.

"இப்ப வயசு என்ன?" என்றார் செந்தில்நாதன்.

"முப்பத்தேழுங்க."

அவர் தலையசைத்தார். தெரிந்த காண்ட்ராக்டர் ஒருவரிடம் பேசிப் பார்ப்பதாகச் சொன்னார். அடுத்த மாதம் மைன்ஸ் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டுத் திருநெல்வேலிக்குப் போவதாகவும் சொன்னார். அதை ஏன் தன்னிடம் சொல்கிறார் என்று அவளுக்குப் புரியவில்லை. காரைக் கட்டி இழுத்துக்கொண்டு போனார்கள். எஞ்சின் வேலை வேறு எங்கோ நடக்க வேண்டியிருந்தது.

எதையும் எதிர்பார்க்கக் கூடாது என்றுதான் இருந்தாள். ஆனாலும் அடுத்த இரண்டு வாரமும் கொளஞ்சிநாதனின் போன் அடித்தபோதெல்லாம் அவள் கை ஒரு கணம் நின்றது.

மூன்றாவது வாரம் ஒரு மதியம் போன் வந்தது. தண்ணி டேங்கர் ஒன்றின் அடியில் மல்லாந்து படுத்திருந்தாள். கொளஞ்சிநாதன் குனிந்து சொன்னார்: "அந்த சாரு காண்ட்ராக்டர்கிட்ட பேசினாராம். முப்பத்தஞ்சுக்கு மேல எடுக்க மாட்டாங்களாம். வருத்தப்பட்டாரு."

"சரிங்கண்ணே" என்றாள். பிறகு, "டேங்க்ல இன்னும் தண்ணி நிக்குது, ஒழுவுது பாருங்க. ஈரத்துல வெல்டு நிக்காது. தொறந்துவுடச் சொல்லுங்க" என்றாள்.