சிவப்புத் துணி கட்டிய முளை

பூமிக்குள் வேட்டு வைத்து, அது திருப்பிச் சொல்வதைக் கேட்கும் வேலையில் இருந்தேன். எழுபதுகள். கும்மிடிப்பூண்டிக்கு மேற்கே வரப்பு வரப்பாக முளை அடிப்போம். முளைக்கு முளை ஒரு ஜியோபோன். மண்ணின் அதிர்வைப் பிடிக்கும், உள்ளங்கையில் அடங்கும் டப்பா, அடியில் ஆணி. எங்கோ தூரத்துக் குழியில் வெடி வெடிக்கும். அதிர்வு இறங்கும், இறங்கும், பாறை மாறுகிற இடத்தில் முட்டித் திரும்பும். எங்கள் வேனுக்குள் ஈரக் காகிதத்தில் முளைக்கு ஒன்றாகக் கோடுகள் நெளியும். அந்த நெளிவில், இருபது மைலுக்கும் கீழே, பூமியின் மேலோடு முடிந்து அடுத்த அடுக்கான மேன்டில் தொடங்குவது தெரியும். நாற்பதடியில் தண்ணீர் உண்டா என்பது மட்டும் தெரியாது.

அதைத்தான் முளை வரிசை போன வழியில் ஒரு புருஷனும் பெண்சாதியும் கேட்டார்கள். துண்டு நிலம், வற்றிய கிணறு, கருகும் நாற்று.

"இன்னா சார், ஊரு நீளத்துக்கு ஒயரு போட்டுக்கினு போறீங்க. தண்ணி எங்க கீதுன்னு சொல்லேன்" என்றாள் அவள்.

"இது ரொம்ப ஆழத்தப் பாக்கற மிஷின்க்கா. தண்ணி தெரியாது."

"தூரத்துல தெரியுது, கிட்டக்க தெரியலியா? கெயவன் கண்ணாட்டம் கீதே உன் மிஷினு."

புருஷன் சிரிக்கவில்லை. "இந்தத் தபா தண்ணி வரலன்னா நெலத்த உட்டுட்டு, பேட்டைல மண்ணு சொமக்கத்தான் போவணும்" என்றார். தொழிற்பேட்டைக்கு அப்போது மேடு பள்ளம் நிரவிக்கொண்டிருந்தார்கள்.

எண்ணிக்கை தப்பாமலிருக்கப் பத்தாவது முளைக்கெல்லாம் சிவப்புத் துணி கட்டுவது என் பொறுப்பு. சங்கிலி போட்டு அளந்ததில் ஒரு பத்தாவது முளை அவர்கள் நிலத்து மூலையில் விழுந்தது. கட்டினேன். மறுநாள் பார்த்தால் முளைக்கு மஞ்சள் பூசி வேப்பிலை செருகியிருந்தது. பெரியபாளையத்து அம்மன் பக்கத்திலேயே இருக்கிறாள். சிவப்புத் துணியை அவர்கள் வேறு எப்படி எடுத்துக்கொள்வார்கள்? முளைக்கு இரண்டு முழம் தள்ளி, தண்ணீருக்காக அவர் தோண்டிய குழி இடுப்பளவு இறங்கியிருந்தது.

"அண்ணே, அது சும்மா எண்ணிக்கைக்குக் கட்டினது."

கடப்பாரையை ஊன்றி நின்றார். "சர்க்காரு வேல. வெளிய சொல்லக் கூடாது. புரியுது நைனா. நீ வாயத் தொறக்க வேணாம், துணியே சொல்லிச்சி."

நான் மறுக்க மறுக்க அவருக்கு நம்பிக்கை ஏறியது. அவிழ்க்கப் போனேன். அவள் முளையை மறைத்துக்கொண்டு நின்றாள். என் கைதானே கட்டியது. அந்தக் கையால் அவிழ்க்க முடியவில்லை.

வேட்டு நாளில் விசில் ஊதினால் எதுவும் அசையக் கூடாது. மாட்டு வண்டி நின்றது. கோயிலுக்கு நடந்துபோன கூட்டம்கூட ரோட்டில் அப்படியே நின்றது. அன்று நான் வேனுக்குள் இருந்தேன். காகிதம் வந்தது. பத்தாவது விநாடியை ஒட்டி, ஆழத்திலிருந்து அந்த மெல்லிய நெளிவு. ஒரே ஒரு கோட்டில், அவர்கள் நிலத்து முளையின் கோட்டில் மட்டும், மேலிருந்து கீழ்வரை முள் முளைத்திருந்தது. ஒரு குத்து, இடைவெளி, இன்னொரு குத்து. மூச்சு வாங்கும் இடைவெளி. குழிக்குள் இரண்டு ஆள் ஆழத்தில் இருந்தவருக்கு விசில் எட்டவில்லை.

"என்னது இது?" என்றார் ஆபீசர்.

"யாரோ தோண்டறாங்க சார்."

"வேணாத சத்தம். அடிச்சிடு."

சிவப்புப் பென்சிலால் அந்தக் கோட்டை அடித்தேன். நான் வேறென்ன செய்திருக்க முடியும் என்று இன்றைக்கும் யோசித்துப் பார்க்கிறேன். 

சாயங்காலம் போனேன். குழிக்குள் அவர் கடப்பாரை கெட்டியான சுக்கான் பாறையில் மோதித் தெறித்துக்கொண்டிருந்தது. தோண்டிப் போட்ட மண், மாவு போலக் காய்ந்திருந்தது. அதன்மேல் அவள் உட்கார்ந்திருந்தாள்.

"மிஷின் இன்னா சொல்லிச்சி?"

சுருட்டிய காகிதம் என் அக்குளில் இருந்தது. குழிக்குள் எட்டிப் பார்த்தேன். பாறை, அடுத்த குத்து, பாறை.

அடுத்த ஆடியில் தொழிற்பேட்டை வழியாக ஜீப்பில் போனேன். மண் கூடை சுமக்கிற வரிசையில் அவள். நாலு ஆள் தள்ளி அவர். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவள் திருப்பவில்லை.

"சார், இங்கயும் ஒரு துணி கட்டிட்டுப் போயேன்" என்றாள். பின்னால் வந்த கூடை இடித்தது. நகர்ந்துவிட்டாள்.