செவலைப் பசுவின் வயிற்றில் இருந்த பை

செம்மேட்டுக் கடைக்காரர் பிளாஸ்டிக் பைக்குப் பதிலாக மரவள்ளி மாவில் செய்த பையை வெந்நீர் டம்ளரில் போட்டார். அது கரைந்து கஞ்சி வாசம் வந்தது. "மாடு தின்னாலும் ஒண்ணும் ஆகாதுங்க" என்றார்.

எனக்கு ஒன்பது வயதில் எங்கள் செவலைப் பசு வயிறு உப்பிச் செத்தது. அறுத்துப் பார்த்த மாட்டு டாக்டர், உள்ளேயிருந்து பிளாஸ்டிக் பைகளைக் கொத்துக் கொத்தாக இழுத்துப் போட்டார். புளித்த தவிட்டு நாற்றம் அடித்தது. ஒரு நீலப் பையில் பலாக்கொட்டைகள் இருந்தன. சோளக்காட்டில் சுளை தின்றுவிட்டு நான் முடிந்து வீசிய பை அது.

"எவன் போட்டான்?" என்று அப்பா கத்தினார். அம்மா தலை குனிந்து நின்றாள். நான் வாய் திறக்கவில்லை.

இன்று வீட்டுக்குப் போனதும், அந்த நீலப் பை நான் போட்டது என்று அம்மாவிடம் சொன்னேன். மிளகு உருவிக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள்.

"மத்த பைக பூரா நாந்தான் போட்டேன் கண்ணு. உங்கப்பங்கிட்ட நானும் சொல்லலை" என்றாள்.