மெட்டில் குடிக்காத டீ

என் கணவரின் டீயை நிறுத்தியது நான்தான். இதில் வேறு யார்மேலும் பழி போட முடியாது.

போடியில் ஏலக்காய் சேர்த்துவைக்கும் ஒரு கிட்டங்கியில் எனக்குக் காய் பொறுக்கும் வேலை. பச்சைக் காய் ஒரு பக்கம், வெளுத்தது ஒரு பக்கம், வெடித்தது ஒரு பக்கம் என்று தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். வருடக்கணக்கில் இதையே செய்தால் எதைப் பார்த்தாலும் பிரிக்கத்தான் கை போகும். அவருக்கு மலைமேல் ஏலத் தோட்டத்தில் கூலி வேலை. விடியும்போது ஜீப்பில் ஏறினால் பொழுது சாயத்தான் வீட்டுக்கு வருவார்.

போன வருடம் கோடை மழை ஏமாற்றிவிட்டது. செடிகள் கருகின. வாரத்துக்கு ஆறு நாள் இருந்த வேலை மூன்று நாளாகச் சுருங்கியது. மகள் மதுரையில் படிக்கிறாள், ஹாஸ்டலுக்கு மாதாமாதம் கட்டியாக வேண்டும். லீவுக்கு வந்திருந்தவள் ஒரு நோட்டை எடுத்து நடுவில் கோடு போட்டாள். "இந்தப் பக்கம் அவசியம், அந்தப் பக்கம் அநாவசியம். மாசம் பொறக்குறதுக்கு முன்னாடியே எழுதிரும்மா" என்றாள். பிரிக்கிற வேலை என்றால் எனக்குச் சொல்லித்தரவா வேண்டும்? அன்றைக்கே உட்கார்ந்துவிட்டேன்.

என் பூச்செலவை முதலில் அடித்தேன். அடுத்தது கேபிள். ஞாயிற்றுக்கிழமைக் கறி மாதத்துக்கு ஒரு தடவை ஆனது. எனக்கு அப்போது ஒரு மிதப்பு இருந்ததை மறைக்க மாட்டேன். பெரிய ஆபீசர் மாதிரி பேனாவைக் காதில் செருகிக்கொண்டு திரிந்தேன். அந்தச் சமயம் பார்த்து அவர் ஒருநாள் இருநூறு ரூபாய் குறைவாகக் கூலியைக் கொண்டுவந்தார்.

"எங்க போச்சு?"

"மெட்டுல டீ, வடை. இன்னைக்கு என் முறை."

"ஊருக்கெல்லாம் டீ வாங்கிக் குடுக்க நாம என்ன எஸ்டேட்டு மொதலாளியா? ஒங்க டீய மட்டும் குடிச்சுட்டு வாங்க."

அவர் கை கழுவப் போய்விட்டார். டீ என்று எழுதி அநாவசியத்தில் சேர்த்தேன். அதற்குப் பிறகு கூலி குறையவே இல்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஜீப்பில் பத்துப் பேர். வளைவெல்லாம் ஏறி மலையுச்சியில் போடிமெட்டில் ஜீப் நின்றதும் எல்லோரும் இறங்கி டீ குடிப்பார்கள். ஒரு நாளைக்கு ஒருவர் எல்லோருக்குமாகக் காசு கொடுப்பார். பத்து நாளைக்கு ஒரு தடவைதான் முறை வரும். மற்ற ஒன்பது நாளும் அவர் குடித்தது அடுத்தவர் காசில். நான் அந்த ஒரு நாளை மட்டும் பார்த்தேன். தன் முறையைக் கொடுக்க முடியாதவர் அடுத்தவர் முறையில் குடிக்கவும் கூசினார். பத்துப் பேருக்கு நடுவில் தன் டீக்கு மட்டும் காசை எடுத்து நீட்டவும் அவரால் முடியவில்லை. இறங்காமல் ஜீப்பிலேயே உட்கார்ந்துவிட்டார்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரிந்தது என்றால், ஒருநாள் சாயங்காலம் அந்த ஜீப்பில் போகிற ஒருவர் வீட்டுக்கு வந்தார். இவரைவிட இளையவர், இவரை அண்ணே என்றும் என்னை மதினி என்றும் கூப்பிடுகிறவர். கையில் ஒரு கட்டு மணத்தக்காளிக் கீரை.

"அண்ணனுக்கு வயித்துப் புண்ணு எப்படி இருக்கு மதினி? பச்சத் தண்ணியத் தவிர எதையும் தொட மாட்டேங்குறாரு. நாலு மாசமா வண்டியவிட்டு எறங்குறதே இல்ல. அங்க அடிக்கிற காத்துக்கு எங்களுக்கே பல்லு தந்தியடிக்குது."

வீட்டில் காரக் குழம்பை ஒரு பிடி பிடிக்கிறவருக்கு வயிற்றுப் புண்ணா? கீரையை வாங்கிக்கொண்டு, "டீ போடட்டுமா?" என்று கேட்டேன்.

"வேணாம் மதினி. இந்த வாரம் நாங்க யாரும் குடிக்கல. மெட்டுல வண்டிய நிறுத்தாமயே போயிட்டோம்." சட்டைப் பைக்குள்ளிருந்து ஒரு கவரை எடுத்தார். "வயித்துக்குள்ள கொழா விட்டுப் பாக்கணும்னா செலவாகுமுல்ல. டீக் காச எல்லாருமாச் சேத்தது. அண்ணன்ட்ட குடுத்தா வாங்க மாட்டாரு."

அவர்களுக்கும் அதே மூன்று நாள் வேலைதான், அதே கூலிதான். புண் இல்லை, காசுதான் இல்லை என்று உண்மையைச் சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தால் என் கணவர் இத்தனை நாள் கட்டிக்காத்த மானம் வாசலிலேயே போய்விடும். வாங்கிக்கொண்டேன். என் வாழ்க்கையில் அத்தனை கூச்சத்தோடு எதையும் வாங்கியதில்லை.

இவர் வந்ததும் கவரை முன்னால் வைத்து, "காசு இல்லேன்னு சொல்லிட்டு அவங்களோடயே குடிச்சிருக்கலாமுல்ல?" என்று அழுதேன்.

"சொல்லியிருந்தா தெனமும் வாங்கிக் குடுத்திருப்பாங்க" என்றார். "அதான் சொல்லல." கவரை என் பக்கம் தள்ளிவிட்டு, "நீயும் சொல்லிறாத" என்றார். சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். அன்றைக்கே டீயை நோட்டில் அவசியத்தின் பக்கம் எழுதினேன். எழுதி என்ன? அடுத்த திங்கட்கிழமை முதல் அவர் வேறு ஜீப்பில் போகத் தொடங்கினார். அந்த முகங்களைப் பார்க்க அவருக்குத் தெம்பில்லை. பதினெட்டு வருடம் கூடவே மலையேறியவர்கள்.

கவர் அரிசிப் பானைக்குள் பிரிக்காமலே கிடந்தது. அந்தக் காசில் ஒரு ரூபாய் எடுத்தாலும் விளங்க மாட்டோம் என்று தோன்றியது. மாசி மாதத்தில் ஒருநாள் கிட்டங்கி விட்டு வரும்போது பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் கீரை கொண்டுவந்த தம்பியைப் பார்த்தேன். அவரை நிற்கச் சொல்லிவிட்டு வீட்டுக்கு ஓடிப்போய்க் கவரை எடுத்துவந்து அவர் கையில் வைத்தேன்.

"இது தேவப்படல தம்பி. எல்லாருக்கும் திருப்பிக் குடுத்துருங்க."

அவர் கவரைப் பார்த்தார். கட்டிய ரப்பர் பேண்டுகூட அவிழ்க்கப்படவில்லை. அண்ணனை இரண்டு மாதமாக ஜீப்பில் காணோம் என்பதும் அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும். முகம் அப்படியே தொங்கிவிட்டது.

"டாக்டருங்க பாத்துட்டுக் கைய விரிச்சுட்டாங்களா மதினி?"

"ஐயோ, இல்லப்பா. அவரு நல்லாத்தான் இருக்காரு."

சொல்லும்போதே என் குரல் உடைந்துவிட்டது. வாக்குக் கொடுத்த பிறகு, அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்ல எனக்கு உரிமை இல்லை. அந்தத் தம்பி நம்பவில்லை. கவரை மறுபடியும் என் கையில் திணித்துவிட்டு, அத்தனை சனத்துக்கு நடுவில் துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார்.