ஜாலம் சிங் குடித்த உப்பு

ஆறு தேர்தல்களில் ஜெயித்த ஜாலம் சிங், ஏழாவது தேர்தலன்று தன் கையாலேயே தன் நாற்காலியைக் கவிழ்த்தார். அதற்குள் எங்கள் காண்டோ ஊர்ப் பள்ளிக்கூட வாசலில் ரத்தம் ஓடியிருந்தது.

முதலில் அவர் கோவேறு கழுதை ஓட்டினவர். கிரி ஆற்றைக் கடந்து எங்கள் இஞ்சியைச் சந்தைக்குக் கொண்டுபோவார். எதிர்க்கரையில் இருந்த பணக்காரர்கள் எங்கள் மலையாட்களை வாக்குச்சாவடிப் பக்கமே விடாமல் அடித்து விரட்டிய காலம் அது. ஒருநாள் ஜாலம் சிங் சவுக்கோடு சாவடி வாசலில் போய் நின்றார். மண்டை உடைந்தும் நகரவில்லை. அடுத்த தேர்தலில் அவரையே நிறுத்த ஊர் முடிவு செய்தது.

சாமி கோயில் முன்னால் செம்பு வைத்தார்கள். காண்டோவிலும் சுற்றியிருந்த ஊர்களிலும் இருந்து வீட்டுக்கொருவர் வந்து, தண்ணீரில் உப்பைப் போட்டுச் சத்தியம் செய்தார்கள்.

"ஓட்டு ஜாலம் சிங்குக்கு. அவனை எதிர்த்து நிக்கிறவன் நம்ம சாவடி வாசலை மிதிச்சா வெட்டுவோம். மீறினா இந்த உப்பு மாதிரி நானும் என் வம்சமும் கரைஞ்சு போகட்டும்!"

செம்பில் போட்ட சத்தியம் எங்கள் மலையில் வாய்ச்சொல்லால் தீராது. யாருக்காகச் செய்தார்களோ, அவனே மறுபடி உப்பைக் கரைத்துக் குடித்துப் பாவத்தை ஏற்றுக்கொண்டால்தான் ஊருக்கு விடுதலை. குடித்தவன் அந்த ஜனங்களிடம் அதற்குப் பிறகு எதையும் கேட்கக் கூடாது. ஓட்டும் கேட்கக் கூடாது.

ஜாலம் சிங் ஜெயித்தார். இரண்டாவது தேர்தலில் எதிரிகள் கூட்டமாக வந்து சாவடிப் பெட்டியைத் தூக்கினார்கள். பெட்டிமேல் கவிழ்ந்து படுத்துக்கொண்டவன் ரதி ராம், ஜாலம் சிங்கின் தங்கை சுன்கோவின் புருஷன். முதுகில் விழுந்த கோடரி நெஞ்சுவரை இறங்கியது. உயிர் போயும் பெட்டியை அவன் விடவில்லை. அந்தப் பெட்டியிலிருந்த ஓட்டில்தான் அண்ணன் ஜெயித்தார். வெற்றி மாலையோடு தன் வீட்டு வாசலில் வந்து நின்ற அண்ணனைச் சுன்கோ ஏறிட்டும் பார்க்கவில்லை. இடுப்பில் கைக்குழந்தை கஜான் இருந்தான்.

கஜானைப் படிக்க வைத்ததும், வக்கீலாக்கிக் கறுப்பு அங்கி மாட்டிவிட்டதும் மாமன்தான். படித்தவன் திரும்பி வந்து ஏழாவது தேர்தலில் மாமனையே எதிர்த்து வேட்புமனு போட்டான்.

"என் காசுல படிச்சு என் கழுத்தையே பிடிக்கிறியாடா?"

"உங்க கழுத்தை இல்ல மாமா. அந்தச் செம்பை. ஜனங்க பயந்து போடறது ஓட்டா?"

"சிம்லாவுல போய் இங்கிலீஷ்ல பேசு. இங்க டெபாசிட் போகும், ராசா."

அன்று மாலை சுன்கோ, அத்தனை வருஷம் கழித்து, அண்ணன் வீட்டுப் படி ஏறினாள்.

"உனக்காக என் புருஷனைக் கொடுத்தேன். புள்ளையையும் கேக்குறியா அண்ணே? முதல்ல செம்பைக் குடி."

அவர் சிரித்தார். "குடிச்சா என் சீட்டு போயிரும், பைத்தியக்காரி. எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன், அவன் மேல ஒரு துரும்பு படாது. எம்.எல்.ஏ. சொல்லு மீறுவானா எவனாச்சும்?"

சிம்லா சட்டசபைக் கம்பளத்தில் நடந்து நடந்து, சொந்த மலையின் கல்லை அவர் கால் மறந்துவிட்டது.

தேர்தலன்று கஜான் காண்டோ சாவடிக்கு வந்தான். வாசலில் கோடரியோடு மஸ்த் ராம் நின்றான். கஜானைத் தோளில் தூக்கி வளர்த்தவன். அவனுக்குப் பின்னால் ஊர் ஆண்கள். காவலுக்கு வந்த போலீஸ்காரர்கள் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் நழுவினார்கள்.

"ஓடிருடா மவனே!" மஸ்த் ராம் கண்ணில் தாரை தாரையாக நீர். "உன் கால்ல விழுறேன். வாசலை மிதிக்காத."

"எம்.எல்.ஏ.வே வேண்டாம்னு சொல்லிட்டாரே, சித்தப்பா."

"அவரு சொல்லு காத்தோட போச்சு. என் சத்தியம் செம்புல கிடக்கு. எனக்குப் பேரப்புள்ளைங்க இருக்குடா!"

கஜான் வாசலில் கால் வைத்தான். மஸ்த் ராம் ஓவென்று அலறிக்கொண்டே வெட்டினான். தொடை பிளந்தது. கஜானின் நண்பன் ஒருவன் கல்லை எடுத்து மஸ்த் ராமின் முகத்தில் அடித்தான். பற்கள் தெறித்தன. மற்றவர்கள் அந்த நண்பனைக் கீழே தள்ளி உலக்கையால் கை எலும்பை முறித்தார்கள். அடிக்கிறவனும் அழுதான், அடிபடுகிறவனும் அழுதான். ஒருவரும் நிறுத்தவில்லை.

ஜீப்பிலிருந்து குதித்து ஓடிவந்தார் ஜாலம் சிங். "நிறுத்துங்கடா! நான் சொல்றேன்!"

மஸ்த் ராம் ரத்த வாயோடு திரும்பினான். "நீங்க சொல்லக் கூடாதுங்கய்யா. குடிக்கணும்."

கோடரி மறுபடி உயர்ந்தது. இந்தமுறை கஜானின் கழுத்துக்கு. ஜாலம் சிங் வெறுங்கையால் அலகைப் பிடித்தார். அவருடைய வலது கை விரல்கள் இரண்டு மண்ணில் விழுந்தன.

"செம்பு! செம்பு கொண்டாங்கடா!"

சுன்கோதான் கொண்டு வந்தாள். காலையிலிருந்து அதை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு கூட்டத்தின் ஓரத்தில் நின்றிருக்கிறாள். உப்பையும் அவளே போட்டாள்.

"குடி அண்ணே."

இடது கையால் வாங்கினார். ஒரு கணம் மலைச்சரிவையும், வரிசையில் நின்ற ஜனங்களையும் பார்த்தார். அவர்களின் ஓட்டுதான் அவர் வாழ்க்கை.

"இவங்க செஞ்ச சத்தியத்தோட பாவம் எனக்கு. இனி இந்த மலைகிட்ட நான் எதையும் கேக்க மாட்டேன்!"

ஒரே மூச்சில் குடித்துச் செம்பைக் கவிழ்த்தார். மஸ்த் ராம் கோடரியைத் தூர வீசிவிட்டு, கஜானின் பிளந்த தொடையைத் தன் தலைப்பாகைத் துணியால் கட்டத் தொடங்கினான். "மன்னிச்சிரு ராசா, மன்னிச்சிரு" என்று அரற்றினான்.

ஜாலம் சிங்கையும் கஜானையும் ஒரே ஜீப்பில்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மாமன் மடியில் மருமகன் தலை.

ஓட்டு எண்ணிய நாளில், ஜெயித்த கஜானை ஊன்றுகோலோடு கட்டிலில் உட்கார்த்தி ஊர் தூக்கிக்கொண்டு வந்தது. மேளச்சத்தம் ஜாலம் சிங் வீட்டைத் தாண்டியது. கட்டுப் போட்ட வலது கையை நெஞ்சில் வைத்தபடி அவர் சுவர் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். எதிரில் தட்டோடு சுன்கோ.

"உன் புள்ளைக்கு மேளம் அடிக்கிறாங்க. போய் நில்லு."

"போறேன். முதல்ல வாயைத் திற."

"எனக்கு வேண்டாம்."

"அவனுக்கு இன்னைக்கு ஊரே சோறு போடும்." சோளரொட்டியைப் பிய்த்து நெய்யில் தோய்த்து அவர் உதட்டருகே நீட்டினாள். "உனக்கு யாரு இருக்கா, அண்ணே?"

அவர் கண்ணை நேராகப் பார்த்தாள். அன்று வெற்றி மாலையோடு அவள் வாசலில் வந்து நின்றபோது கிடைக்காத பார்வை அது. ஜாலம் சிங் குழந்தையைப் போல வாயைத் திறந்தார். மெல்ல முடியாமல், விம்மி விம்மி அழுதார்.