கறி வாசம் வராத கிறிஸ்துமஸ்

தற்செயல் விடுப்பு வழங்கும் அதிகாரம் அலுவலகத் தலைவருக்கே உண்டு. மேலிடத்தைக் கேட்க வேண்டியதில்லை. விண்ணப்பித்தவர் எந்தக் கோயிலுக்குப் போகிறார், எந்தச் சாமியைக் கும்பிடுகிறார் என்று விசாரிக்கவும் விதியில் இடமில்லை. வாழ்நாளின் பெரும்பகுதியை அரசுக் காகிதங்களோடு குடித்தனம் நடத்திக் கழித்தவன் என்பதால் இதை உறுதியாகச் சொல்வேன். விதிகள் பெரும்பாலும் நல்லவைதான். அவை யார் கையில் போய்ச் சேரும் என்பது பற்றி மட்டும் விதிகளில் ஒன்றும் இருக்காது.

ஐம்பதுகளின் கடைசியில் கொடைக்கானலில் ஒரு சின்ன அரசு அலுவலகத்தில் எழுத்தராக வேலை பார்த்தேன். ஓர் அதிகாரி, மூத்த எழுத்தர் ஒருவர், இளைய எழுத்தர் நான், ஒரு பியூன். என் வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. சொல்லாமல் ஒரு நாள் வராவிட்டாலும் வீட்டுக்கு அனுப்பிவிடலாம்.

அதிகாரியும் மூத்த எழுத்தரும் கிறிஸ்தவர்கள், ஒரே சர்ச்சுக்குப் போகிறவர்கள். அதிகாரி முன்னால் நின்று வேதம் வாசிப்பார். நல்ல குரல். மூத்த எழுத்தர் கடைசி பெஞ்சில் உட்காருவார்.

நான் பழனி அடிவாரத்துக்காரன். அப்பாவுக்குப் பஞ்சாமிர்தக் கடை. வருடம் தவறாமல் தைப்பூசக் கூட்டத்தில் ஒருவர் பைபிளும் கையுமாக எங்கள் கடைக்கு எதிரே வந்து நிற்பார். மலைமேல் இருப்பது வெறும் கல் என்று சொல்லி, துண்டுப் பிரசுரம் கொடுப்பார். அப்பா மறுக்காமல் வாங்கி விபூதிப் பொட்டலம் மடிப்பார். "ஆளு எப்படியோ, காகிதம் நல்ல காகிதம்" என்பார். அப்பாவுக்கு 'வேதக்காரங்க' என்றால் அந்த ஒரு ஆள்தான். எனக்கும் அவ்வளவுதான் தெரியும்.

நாயுடுபுரத்தில் எங்களுக்குக் கிடைத்த வீடு, ஒரே ஓட்டுக் கூரையின் கீழ் இரண்டாகத் தடுத்தது. நடுச்சுவர் ஆள் உயரத்தோடு நின்றுவிடும். அதற்கு மேல் காற்று, புகை, வாசனை, பேச்சு எல்லாம் இரண்டு வீட்டுக்கும் பொது. சுவருக்கு அந்தப் பக்கம் மூத்த எழுத்தரும் அவர் மனைவியும்.

அந்த வருட மழைக்காலத்தில் எங்கள் கைக்குழந்தைக்கு மார்ச்சளி கட்டி, மூச்சுவிடவே திணறியது. டாக்டரே நம்பிக்கை இல்லாமல்தான் மருந்து கொடுத்தார். பிழைத்தால் வரும் தைப்பூசத்தன்று பழனியில் முதல் மொட்டை போட்டு, என்னைக் காவடி எடுக்க வைப்பதாக என் மனைவி வேண்டிக்கொண்டாள். குழந்தை பிழைத்தது. அதற்குப் பிறகு அது லேசாகத் தும்மினால்கூட அவள் முகம் வெளுத்துவிடும். "இந்தப் பூசத்தைத் தள்ளிப்போட்டா என் மனசு தாங்காதுங்க" என்றாள். வேண்டுதலின் விதிப் புத்தகத்தில் இதற்கு விலக்குக் கிடையாது. மார்கழிக்கு முன்பே மாலை போட்டுக்கொண்டேன். கொடைக்கானல் பனியில் வெள்ளனே பச்சைத் தண்ணீரில் குளிப்பதைப் பற்றி நான் எதுவும் சொல்லப் போவதில்லை. முருகனுக்கே தெரியும்.

கிறிஸ்துமஸ் வந்தது. எனக்கு ஒரே கவலை. அந்த வீட்டுக் கறிக்குழம்பு போன வருடம் எங்கள் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டு மூன்று நாள் போகவில்லை. விரதத்தில் இருப்பவன் என்ன செய்வது? அவர்கள் பண்டிகையில் போய், சமைக்காதீர்கள் என்று சொல்ல முடியுமா? அன்று பகலில் வெளியே எங்காவது போய்விடலாம் என்று நினைத்திருந்தேன். குழந்தை தூங்கியதால் கிளம்ப முடியவில்லை. அப்போதுதான் சுவருக்கு மேலாக அந்தப் பேச்சு வந்தது. வத்தலக்குண்டிலிருந்து அந்த அம்மாவின் தம்பி விருந்துக்கு வந்திருந்தார்.

"என்னக்கா, எலையில உருளைக்கெழங்கும் பட்டாணியுமாக் கெடக்கு? கறி எங்க?"

"இந்த வருசம் இதுதான்."

"ஏன் மச்சான், இது கிறிஸ்மசா, கிருத்திகையா? இம்புட்டு வளைவு சுத்தி மலையேறி வந்தது கெழங்கு திங்கவா?"

"ஏலே, மெல்லப் பேசு. அந்தப் பக்கம் மாலை போட்டவரு இருக்காரு."

"அவருதான மாலை போட்டுருக்காரு? நம்மளுமா?"

"நமக்குப் பண்டிகை வருசா வருசம் வரும். அந்தப் புள்ளைக்கு நேந்துக்கிட்டது ஒரு தடவைதான். சாப்பிடுலே" என்றார் மூத்த எழுத்தர்.

என் மனைவி என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன். எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை அவர்கள். அன்று மட்டுமில்லை, மாலை போட்ட நாளிலிருந்தே அந்தப் பக்கம் கறி வேகவில்லை என்பது அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது.

தை பிறந்ததும் விடுப்புக்கு எழுதிக் கொடுத்தேன். அதிகாரி படித்துவிட்டு, அதே நாட்களில் மூத்த எழுத்தர் ஏற்கெனவே விடுப்பு வாங்கியிருக்கிறார் என்றார். வத்தலக்குண்டில் அவருடைய மைத்துனிக்கு நிச்சயதார்த்தம். மாமனார் இல்லாத வீடு என்பதால் மூத்த மருமகனாக இவர்தான் தட்டு மாற்ற வேண்டும். இரண்டு எழுத்தர்களும் ஒரே நேரத்தில் போகக் கூடாது என்பது நியாயமான விதி. விண்ணப்பத்தை அவர் மேசையிலேயே விட்டுவிட்டு வந்தேன்.

மறுநாள் காலை மூத்த எழுத்தர் தம் விடுப்பு வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டார். "தட்டு மாத்த என் மச்சினன் இருக்கான் சார். கறி போடாத கோவத்துல இருக்கான். இந்தப் பெருமையாவது அவனுக்குக் கெடைக்கட்டும்" என்றார்.

தடை நீங்கிவிட்டது என்று நினைத்தேன். தடை அங்கே இல்லை. அதிகாரி என் விண்ணப்பத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார்.

"காரணத்துல மொட்டை, காவடின்னு எழுதியிருக்கீங்க. நான் ஒரு விசுவாசி. விக்கிரகத்துக்குப் போகச் சொல்லி என் கையால எப்படிக் கையெழுத்துப் போடுறது? மதுரைத் தலைமை ஆபீசுக்கு எழுதிக் கேக்கறேன். பதில் வரட்டும்."

மனச்சாட்சியைத் தபாலில் மதுரைக்கு அனுப்பிவிட்டு அவர் கையைக் கழுவிக்கொண்டார். மறுக்கவில்லை, அனுமதிக்கவும் இல்லை. இப்படிச் செய்கிறவரைக் குற்றம் சொல்ல எந்த விதியிலும் வழியில்லை. சொந்த வேலை என்று மட்டும் எழுதியிருந்தால் போயிருக்கும். உண்மையான காரணத்தை எழுத வேண்டும் என்று விதி இருந்தது. எழுதினேன்.

பூசத்துக்கு முந்தைய வேலை நாள் வரை மதுரையிலிருந்து ஒன்றும் வரவில்லை. போனால் வேலை போகலாம். போகாவிட்டால் மனைவியின் முகத்தைப் பார்க்க முடியாது. மாலையில் நான் மேசையை ஒதுங்க வைத்துக்கொண்டிருந்தபோது, மூத்த எழுத்தர் எழுந்து அதிகாரி முன்னால் போய் நின்றார்.

"சார், அவர் வர்ற வரைக்கும் அவர் மேசையையும் நானே பாத்துக்கிறேன். ஒரு காகிதம் நிக்காது. அவர் வராதது குத்தம்னு நாளைக்கு யாராச்சும் கேட்டா, போகச் சொன்னது நான்தான்னு எழுதிக்கிடுங்க."

அதிகாரிக்கு முகம் சிவந்தது. "நீங்க ஒரு கிறிஸ்தவர். இதுக்குப் போய் ஒத்தாசையா?"

"அந்தப் புள்ள மூச்சுக்குத் திணறினப்ப நாங்களும் முழங்கால் போட்டு ஜெபம் பண்ணினோம் சார். பொழைச்சிருச்சு. அவுங்க நன்றிய எங்க போய்ச் சொல்லணும்னு நான் பஞ்சாயத்து பண்ண முடியுமா?"

அதிகாரி முன்னாலிருந்த கோப்பைப் பிரித்துக்கொண்டார். மூத்த எழுத்தர் என் பக்கம் திரும்பி, "போங்க தம்பி, பஸ்ஸுக்குச் சொல்லி வைங்க" என்றார். அவருக்கும் ஓய்வு பெற இன்னும் பல வருடங்கள் இருந்தன. அதையும் யோசித்துத்தான் பேசியிருப்பார்.

மறுநாள் நாங்கள் ஏறிய பஸ்ஸிலேயே அவர் மனைவியும் நிச்சயதார்த்தத்துக்குத் தனியாக வந்தார். மலைப்பாதை வளைவுகளில் என் மனைவிக்குத் தலைசுற்றல். நான் காவடியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். குழந்தை வத்தலக்குண்டு வரை அந்த அம்மாவின் மடியில்தான் தூங்கியது. முருகனுக்கு முடி கொடுக்கப் போகும் பிள்ளையின் தலையை அந்தக் கை வழியெல்லாம் தடவிக்கொண்டே வந்தது. இறங்கும்போது என் மனைவியிடம், "மொட்டை போட்டதும் சந்தனத்தை நெறயாப் பூசு தங்கச்சி. ஆனா திரும்பி நம்ம மலை ஏறுறதுக்குள்ள ஒரு குல்லா வாங்கிரு. அங்க குளுரு தாங்காது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பழனியில் மொட்டையும் காவடியும் நல்லபடியாக முடிந்தன. துண்டுப் பிரசுரக்காரர் அந்த வருடமும் வந்திருந்தார். அப்பாவிடம் கிறிஸ்துமஸ் விருந்து முதல் மூத்த எழுத்தர் பேசியது வரை எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுக்கொண்டே பொட்டலம் மடித்தார். வழக்கமான நக்கல் எதுவும் வரவில்லை. "கறியவா விட்டாங்க? பண்டிகையிலயா?" என்று மட்டும் இரண்டு தடவை கேட்டார்.

நாங்கள் கிளம்பும்போது இரண்டு டப்பா பஞ்சாமிர்தம் கொடுத்தார். ஒன்றைத் தனியாக மஞ்சள் துணியில்லாமல் வெறும் காகிதத்தில் சுற்றியிருந்தார்.

"இது சாமிக்குப் படைச்சது இல்ல. படைக்கிறதுக்கு முன்னாலயே எடுத்து வச்சுட்டேன். படைச்சதை அவுங்க சாப்பிட மாட்டாங்க, வாங்கிக்கிட்டுச் சங்கடப்படுவாங்க. நமக்காக வாயக் கட்டினவங்களை நாம சங்கடப்படுத்தக் கூடாதுலே. இதைக் குடு. படைக்காததுன்னு சொல்லிக் குடு."

எங்கள் கடையில் சாமிக்கு முந்தி ஒரு மனிதருக்கு எடுத்து வைத்ததை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். நாயுடுபுரத்தில் அதைக் கொடுத்து, அப்பா சொன்னதையும் சொன்னேன். மூத்த எழுத்தர் டப்பாவை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். பிறகு, "ஒங்கப்பாவை ஒரு தடவை பாக்கணும் தம்பி" என்றார். அடுத்த கோடையில் பார்த்தார். அந்தக் கதை வேறு.

அலுவலகத்தில் என் மேசையில் ஒரு காகிதமும் தேங்கியிருக்கவில்லை. வருகைப் பதிவில் என் பெயருக்கு நேரே இடம் மட்டும் காலியாக இருந்தது. அதிகாரி அதில் எதுவும் எழுதவில்லை. மதுரையை எதிர்பார்த்துக்கொண்டிருந்தார். மாசி போனது, பங்குனி வந்தது. தபால்காரரைக் கண்டாலே நான் எழுந்து வாசலுக்குப் போய்விடுவேன். மூத்த எழுத்தர் மட்டும், "வரும்போது வரட்டும்" என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருப்பார்.

கடைசியில் ஒரு பிற்பகலில் பதில் வந்தது. அலுவலகத் தலைவரே முடிவு செய்ய வேண்டிய விஷயங்களுக்கு மேலிடத்தைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று ஒரே வரி. அதிகாரி அதை இரண்டு முறை படித்தார். பிறகு பதிவேட்டை வரவழைத்து, காலி இடத்தில் விடுப்பு என்று எழுதி, தம் கையாலேயே சுருக்கொப்பம் இட்டார். வானம் இடிந்து விழவில்லை.

நான் நன்றி சொல்லத் திரும்பினால் மூத்த எழுத்தர் குடையைத் தேடிக்கொண்டிருந்தார். "வெரசாக் கெளம்பணும் தம்பி, சர்ச்சுல இன்னைக்கு ஆராதனை" என்றார். இன்று என்ன விசேஷம் என்று கேட்டேன். "எங்க சாமி, தன்கூட இருந்தவங்க காலைக் கழுவிவிட்ட நாளு" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு மழையில் இறங்கிப் போனார்.

என்னை அவர் ஒரு நாளும் சர்ச்சுக்குக் கூப்பிட்டதில்லை. நானும் மதம் மாறவில்லை, இன்றும் பூசத்துக்குப் பழனி போகிறவன்தான். ஆனால் கிறிஸ்தவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று யாராவது கேட்டால், துண்டுப் பிரசுரமும் அதிகாரியின் நல்ல குரலும் என் நினைவுக்கு வருவதில்லை. சுவருக்கு மேலே கறி வாசம் வராத அந்தப் பண்டிகையும், மதுரையிலிருந்து பதில் வந்து சேர்ந்த அந்த நாளும்தான் நினைவுக்கு வருகின்றன: பெரிய வெள்ளிக்கு முந்தின வியாழக்கிழமை.