மஞ்சள் அட்டையில் முப்பத்தெட்டு

மற்றவர்கள் கழுத்தில் சங்கிலி தொங்கும் இடத்தில் அவருக்குக் கயிற்றில் கட்டிய ஒரு பூதக்கண்ணாடி தொங்கும். நாற்று வாங்க வருகிறவர்களுக்கெல்லாம் அவர் லென்ஸ் அக்கா. பதினாறு வருடமாகத் தக்காளி நாற்று வளர்த்துக் கொடுக்கிறார். வீட்டுக்குப் பின்னால் பூச்சி புகாத வலைக்குடில். அதற்கு இரண்டு கதவு. முதல் கதவைச் சாத்திவிட்டுத்தான் அடுத்ததைத் திறக்க வேண்டும். மறந்தவர் யாரானாலும் வசவு உண்டு. சம்பந்தியே வாங்கியிருக்கிறார்.

காலையில் குடிலுக்குள் போனதும் அவர் முதலில் பார்ப்பது செடியை அல்ல, நடுக்கம்பியில் தொங்கும் பசை தடவிய மஞ்சள் அட்டையைத்தான். அதில் ஒட்டியிருக்கும் வெள்ளை ஈக்களை எண்ணுவார். ஒன்று, இரண்டு என்றால் நிம்மதி. ஐந்து என்றால் அன்றைய சாப்பாட்டில் உப்பு இருக்காது.

மகளின் பிரசவத்துக்குப் போய் எட்டு நாள் கழித்து அவர் திரும்பிய காலையில் முப்பத்தெட்டு இருந்தது.

மறுபடி எண்ணினார். அதே முப்பத்தெட்டு. நாற்றுகளோ பச்சைப்பசேலென்று நின்றன. இன்னும் கொஞ்ச நேரத்தில் நாத்தனார் வண்டியோடு வந்துவிடுவாள். உழுது, பாத்தி கட்டி, தண்ணீர் பாய்ச்சிவிட்டு இந்த நாற்றுக்காகத்தான் காத்திருக்கிறாள்.

"என்னங்க, பக்கவாட்டு வலையை யாராவது தூக்கினாங்களா?"

கணவர் குழாயை மூடினார். "நான்தான். மத்தியானத்துல மட்டும். உள்ள நாப்பத்திநாலு டிகிரி. எல்லாம் தலை தொங்கிப்போச்சு. பாவமா இருந்துச்சு."

"எத்தனை நாள்?"

"அஞ்சு... ஆறு."

"நல்லா பாத்தீங்க பாவம்."

ஓர் இலையைத் திருப்பி லென்ஸை வைத்தார். அடியில் ஈயும் முட்டையும். சூடு ஏற ஏற இந்த ஈ வேகமாகப் பெருகும். சாறு உறிஞ்சும்போதே இலைச்சுருட்டு வைரஸைச் செடிக்குள் இறக்கிவிடும். சில நாளைக்கு வெளியே ஒன்றும் தெரியாது. தெரியும்போது நாற்று அடுத்தவர் நிலத்தில் வேர் பிடித்திருக்கும். பிறகு இலை சுருண்டு, பூ கொட்டி, காயில்லாத புதராக நிற்கும்.

"இது நோய் தாங்கற ரகம்தானே?" என்றார் கணவர்.

"போன வருஷமும் இதேதான். குளிர்ல தாங்குச்சு. வெயில் ஏறினதும் ஒரு பாத்தி முழுக்கச் சுருண்டுச்சே, மறந்துட்டீங்களா?"

வாசலில் வண்டி ஹாரன் கேட்டது.

நாத்தனார் கூடையும் கையுமாகத்தான் வந்தாள். "என்ன அண்ணி, பேத்தி யார் ஜாடை? மூக்கு உங்களுதுன்னா இப்பவே கவலைப்பட ஆரம்பிக்கணும்!"

லென்ஸ் அக்கா சிரிக்கவில்லை. கணவர் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை பேசாமல் இருந்தால் போதும், நாற்றுத் தட்டுகள் வண்டியில் ஏறிவிடும். நாளைக்கு நிலத்தில் சுருண்டால் நிலத்தில் வந்த ஈ என்றுதான் எல்லோரும் சொல்வார்கள்.

"இந்த நாத்து வேண்டாம்மா. வலை திறந்து கிடந்திருக்கு. ஈ இறங்கியிருக்கு."

நாத்தனார் கூடையைக் கீழே வைத்தாள். குனிந்து பார்த்தாள். "எங்க நோய்? காட்டுங்க."

"இப்பத் தெரியாது."

"அப்ப நோய் இருக்குன்னு சத்தியமாச் சொல்வீங்களா?"

"சொல்ல முடியாது. இல்லன்னும் சொல்ல முடியாது."

"நல்லா இருக்கு அண்ணி! ஜோசியக்காரன்கூட இதைவிடத் தெளிவா சொல்வான். இந்த வாரம் நடலைன்னா பூக்கிற நேரத்துல வெயில் கொளுத்தும். பிஞ்சு நிக்காது. என் நிலம் என்ன ஆகறது?"

"இதை நட்டா அந்த நிலம் மட்டும் போகாது. சுத்தி இருக்கிறவங்களுதும் போகும்."

"வலையை யார் திறந்தது?"

"பிள்ளைப்பேறு பாக்கப் போனவ நான். தப்பு என்னுது."

"நான் திறந்தேன்," என்றார் கணவர்.

நாத்தனார் அண்ணனை ஏற இறங்கப் பார்த்தாள். "உனக்கு அறிவே கிடையாதுண்ணா. சின்ன வயசுலயும் இப்படித்தான்." கூடையை எடுத்தாள். "சோளம் போட்டுடறேன். தண்ணி பாய்ச்சினதாவது வீணாகாது." போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் வண்டியில் ஏறினாள்.

லென்ஸ் அக்கா வலையைத் தரையோடு இழுத்துக் கட்டினார். நாற்றைப் பிடுங்கி அழிக்கும்போது ஈ வெளியே போகக் கூடாது. உள்ளே ஒரு தட்டைத் தொட்டவர் கையை எடுத்துவிட்டுப் போனைத் தேடினார். இன்று நாற்று வாங்க வரவேண்டியவர்கள் இன்னும் ஐந்து பேர். முதல் ஆளைக் கூப்பிட்டார்.

"அக்கா! நாங்க கிளம்பிட்டோம், பாதி வழி வந்தாச்சு."

"வண்டியைத் திருப்புங்க தம்பி," என்றார்.